ஊர்வனக் களவும் காவலர் இடரும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வனவிலங்குக் களவு என்றவுடன் யானைத் தந்தமும் புலித்தோலுமே பலரது நினைவுக்கு வருகின்றன. ஆமை, பாம்பு, ஓணான், முதலை முதலிய ஊர்வன அத்துணைக் கவனத்தைப் பெறுவதில்லை. தொல்காப்பிய மரபியல் பறவைக் குஞ்சுகளுக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் இளமைப் பெயர்களைத் தவழ்வனவற்றுக்கும் உரியனவாக்கியது. ஆயினும் நடைமுறை வாழ்விலே இவ்வுயிர்கள் அச்சத்துக்கும் அருவருப்புக்கும் உரியனவாகவே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளன. அவற்றைக் காக்கும் பொருட்டு ஒருவர் தம் உயிரைப் பணயம் வைப்பார் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் கடந்த ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அவ்வாறு நிகழ்ந்தே வந்துள்ளது.

ஊர்வனக் களவில் மூவர் தொடர்புறுகின்றனர். காட்டிலோ கடற்கரையிலோ உயிரைப் பிடிப்பவர் ஒருவர். அதனை எல்லை கடத்துபவர் இன்னொருவர். தொலைநகரில் அதனை விலை கொடுத்து வாங்குபவர் மூன்றாமவர். வனவிலங்கு உத்தியோகத்தர் பெரும்பாலும் முதலாமவரையே நேருக்கு நேர் சந்திக்கிறார். ஆனால் அச்சந்திப்பு எவ்வளவு ஆபத்தானதாக அமையும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவர் மூன்றாமவரே. சட்டம் வாங்குபவரை எட்டாதவிடத்து அதன் குறையைக் காவலர் தம் உடலாலும் உயிராலும் ஈடுசெய்ய நேர்கின்றது. இக்கருத்தினை அமெரிக்க ஐக்கிய நாடுகள், மடகாஸ்கர், கொஸ்தாரிக்கா ஆகிய நாடுகளின் வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு நிறுவுவதும், இலங்கைக்கு அதனாற் பெறப்படும் படிப்பினையைச் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லேசிச் சட்டமும் ஒரு காவலரின் மரணமும்

அமெரிக்கக் கூட்டரசின் முதலாவது வனவிலங்கு வணிகச் சட்டம் 1900ஆம் ஆண்டு மே மாதம் நிறைவேறியது. அயோவா மாநிலப் பிரதிநிதி ஜோன் லேசியின் பெயரால் அது லேசிச் சட்டம் என வழங்கலாயிற்று. ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிக் கொல்லப்பட்ட விலங்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வது கூட்டரசுக் குற்றமாகும் என்பதே அதன் உட்கோள். தொடக்கத்தில் அச்சட்டம் பறவைகளையும் வேட்டை விலங்குகளையுமே கருத்திற் கொண்டது. ஊர்வன அதிற் சேரவில்லை. ஆயினும் பின்னர் ஊர்வனக் காவலில் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு, அக்காலத்துப் பறவைக் காவலின் கதையை முதலில் அறிதல் வேண்டும்.

பெண்களின் தொப்பிகளை அலங்கரிக்க வெண்கொக்கின் இறகுகள் பெருவிலைக்கு விற்கப்பட்ட காலம் அது. தென் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் இருந்த பறவைக் குடியிருப்புகளைக் காக்க, 1902ஆம் ஆண்டு கை பிராட்லி என்பவர் காவலராக நியமிக்கப்பட்டார். தாமும் ஒரு காலத்தில் இறகு வேட்டையாடிய அவர், அத்தொழிலைக் கைவிட்டுக் காவற்பணியை ஏற்றவர். பரந்த அந்நீர்ப்பரப்பில் அவருக்குத் துணையாக இருந்தது ஒரு சிறு படகே. 1905ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள், தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள தீவொன்றில் துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்டு அவர் தனியே படகைச் செலுத்திச் சென்றார். அங்கே தாம் முன்னர் கைது செய்திருந்த குடும்பத்தினரை எதிர்கொண்ட அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் தற்காப்புக்காகவே சுட்டதாகக் கூறினார். கண்கண்ட சாட்சியாகக் காவலர் பக்கத்தில் எவரும் இல்லாமையால், அவர்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதற்குப் போதிய சான்று இல்லை என விசாரணைச் சபை முடிவு செய்தது.

இந்நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் நோக்கற்பாலன. காவலர் தனியே சென்றார். கொன்றவர் அவரை நன்கறிந்த அயலவர். நீதிமன்றில் அவரது சாவுக்குச் சான்று போதவில்லை. பிற்காலத்தில் ஊர்வனவற்றைக் காத்தோரின் வரலாற்றிலும் இம்மூன்றும் மீண்டும் மீண்டும் தலைகாட்டக் காணலாம். இறகு வேட்டையைப் பெரிதும் ஒடுக்கியது, காவலரின் எண்ணிக்கையைப் பெருக்கியது அன்று என்பதும் கருதத்தக்கது. 1910இல் நியூயோர்க் மாநிலம் இறகு விற்பனையைத் தடைசெய்தது. 1913இல் கூட்டரசு இறகு இறக்குமதியை மறித்தது. அங்காடி மூடப்பட்டபோதே சதுப்பு நிலத்தில் துப்பாக்கி ஓசை குறைந்தது.

அமெரிக்க முதலையின் வரலாறு

அதே சதுப்பு நிலத்தில் அரை நூற்றாண்டுக்குப் பின்னர் முதலையின் முறை வந்தது. அலிகேற்றர் எனப்படும் அமெரிக்க முதலையின் தோல் பாதணிகளுக்கும் கைப்பைகளுக்கும் பெரிதும் விரும்பப்பட்டது. வரைவின்றிக் கொல்லப்பட்டமையால் அதன் தொகை வீழ்ச்சியுற, 1962இல் புளோரிடா, லூசியானா ஆகிய மாநிலங்கள் முதலை வேட்டையைத் தடைசெய்தன. 1967இல் அது அழியும் அபாயத்தை எதிர்நோக்கும் இனமாகக் கூட்டரசால் அறிவிக்கப்பட்டது. ஆயினும் வேட்டை ஓயவில்லை. தடை தோலின் விலையை உயர்த்தியது. விலை உயர்ந்தமையால் இடரை ஏற்கத் துணிந்தோரும் பெருகினர்.

முதலை வேட்டை இரவிற்குரிய தொழில். விளக்கொளி பட்டதும் முதலையின் கண்கள் செந்தணல்போல் ஒளிரும். அவ்வொளியைக் குறிவைத்தே வேட்டைக்காரர் சுடுவர். அவர்களைப் பிடிக்கச் செல்லும் காவலர் விளக்கை அணைத்து, இயந்திர ஓசையை அடக்கி, இருளிலே காத்திருத்தல் வேண்டும். இரு சாராரிடமும் ஆயுதம் உண்டு. அண்மையில் உதவி இல்லை. செய்தி அனுப்பவும் வழி அரிது. சதுப்பு நிலத்தின் ஒவ்வொரு கால்வாயையும் வேட்டைக்காரர் அறிவர். இத்தகைய நிலையில் ஒரு படகைத் தடுத்து நிறுத்துவது, வீதியில் வாகனமொன்றை நிறுத்துவது போன்றதன்று.

காவலரின் கையைக் கட்டியது இருள் மாத்திரம் அன்று. சட்டத்தின் எல்லையும் ஆகும். புளோரிடாவிற் கொல்லப்பட்ட முதலையின் தோல் மாநில எல்லையைக் கடந்துவிட்டால் மாநிலக் காவலரின் அதிகாரம் அற்றுப்போகும். லேசிச் சட்டத்திலோ ஊர்வனவற்றுக்கு இடமிருக்கவில்லை. ஆகவே தோலைக் கொலை நடந்த இடத்திலேயே, கொன்றவரின் கையிலேயே பிடித்தல் வேண்டியிருந்தது. இக்குறை 1969இல் நீக்கப்பட்டது. அவ்வாண்டின் அழியும் இனங்கள் பேணற் சட்டம் லேசிச் சட்டத்தின் வரம்பை ஊர்வனவற்றுக்கும் நீருநில வாழ்வனவற்றுக்கும் விரித்தது. 1970இல் நியூயோர்க் மாநிலம் முதலைத்தோற் பொருள்களின் விற்பனையைத் தடைசெய்தது. இனி வேட்டைக்காரரைச் சேற்றிலே துரத்துவதோடு, வணிகரைக் கிடங்கிலும் கணக்கேட்டிலும் தேட முடிந்தது. முதலையினம் மீண்டு பெருகி, 1987இல் முற்றாக மீட்சியுற்றதென அறிவிக்கப்பட்டது.

இக்கால மாற்றம் உத்தியோகத்தரின் பணியையும் மாற்றியது. வணிகரை அணுகுவதற்கு அவர் வணிகராகவே வேடம் பூணல் வேண்டியதாயிற்று. லூசியானாவில் கூட்டரசு முகவராகப் பணியாற்றிய டேவ் ஹோல், கள்ளத்தோல் வாங்குவார்போல் நடித்து வேட்டைக்காரரிடையே புகுந்தவர். அவரது பணியை மார்க் ரைஸ்னர் 1991இல் வெளியிட்ட நூலொன்றில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

தோலிலிருந்து உயிருக்கு

1970களில் இக்களவின் தன்மை மாறத் தொடங்கியது. தோலுக்காகக் கொல்வது ஒருபுறம் இருக்க, செல்லப்பிராணியாகவும் சேகரிப்புப் பொருளாகவும் வளர்ப்பதற்கு உயிருள்ள ஊர்வனவற்றைத் தேடுவோர் பெருகினர். இவ்வணிகத்தில் அருமையே விலையை நிர்ணயிக்கும். ஓரினம் அழிவை நெருங்குந்தோறும் அதன் விலை ஏறும். சட்டம் அதனை அரியதெனப் பட்டியலிட்டதும், அப்பட்டியலே சேகரிப்போருக்கு வழிகாட்டியாகிவிடுவதும் உண்டு. ஊர்வன பலவும் பல நாட்கள் உணவும் நீருமின்றி உயிர்வாழ வல்லன, ஒலி எழுப்பாதன. எனவே பயணப்பெட்டியில் மறைத்துக் கடத்துவதற்கு அவை மிக வாய்ப்பானவை. இயற்கை அவற்றுக்கு அளித்த பொறுமையே அவற்றின் கேடாயிற்று.

அழியும் அபாயத்தை எதிர்நோக்கும் இனங்களின் சர்வதேச வணிகம் பற்றிய சமவாயம் 1973 மார்ச் 3ஆம் நாள் வாஷிங்டனிற் கைச்சாத்திடப்பட்டு, 1975 யூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. சைற்றிஸ் எனச் சுருக்கமாக வழங்கப்படும் இச்சமவாயம் அனுமதிப்பத்திர முறையை ஏற்படுத்தியது. அதன் பயன் பெரிது. ஆயினும் புதியதொரு சிக்கலும் உடன் தோன்றியது. காட்டிற் பிடிக்கப்பட்ட ஆமையும் பண்ணையிற் பிறந்த ஆமையும் தோற்றத்தில் ஒன்றே. பண்ணையிற் பிறந்ததெனப் பொய்ப்பத்திரம் பெற்றுவிட்டால், களவுப்பொருள் சட்டபூர்வமான சரக்காக மாறிவிடும். சுங்க மேசையிற் பெட்டியைத் திறந்து பார்க்கும் உத்தியோகத்தர் விலங்கைக் காண்பார், களவைக் காணார். களவை நிறுவுவதற்கு, அது நிகழுமிடத்தில் ஒருவர் உள்ளே இருத்தல் வேண்டும். 1981இல் லேசிச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. பிறநாட்டுச் சட்டத்தை மீறிப் பெறப்பட்ட விலங்கை அமெரிக்காவுக்குக் கொண்டுவருவதும் அச்சட்டத்தின்படி குற்றமாகும். இவ்விதியே பின்வரும் வழக்குகளுக்கு அடித்தளமாயிற்று.

பச்சோந்தி நடவடிக்கை

1990களில் அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவையின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு பச்சோந்தி நடவடிக்கை என்னும் பெயரில் ஓர் இரகசிய விசாரணையை மேற்கொண்டது. அக்காலத்தில் மடகாஸ்கர் தீவின் ஊர்வன பெருமளவில் களவாடப்பட்டன. 1996 மே மாதத்தில் அம்பிசோறோவாவிலுள்ள இனப்பெருக்க நிலையத்திலிருந்து 2 வளர்ந்த பெண் ஆமைகளும் 73 இளம் ஆமைகளும் திருடப்பட்டன. அவை அங்கோனோக்கா எனப்படும் இனத்தவை; மார்போட்டின் முன்பகுதி கலப்பைக்கொழுப் போல நீண்டிருக்கும் இவ்வினம், உலகில் மிக அரிய ஆமைகளுள் ஒன்று. களவு போனவற்றுள் 33 பின்னர் நெதர்லாந்திற் கண்டுபிடிக்கப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் புளோரிடாவின் ஒர்லண்டோ விமான நிலையத்தில், 60க்கும் மேற்பட்ட மடகாஸ்கர் மரப்பாம்புகள் பயணப்பெட்டியிற் கைப்பற்றப்பட்டன.

விசாரணையின் முதன்மை இலக்காக அமைந்தவர் மலேசியாவின் பினாங்கிலிருந்து ஊர்வன வணிகம் நடத்திய அன்சன் வொங் ஆவார். அவருக்குச் சட்டபூர்வமான வணிகமும் இருந்தது. கள்ளச் சரக்கு அதன் நிழலிலேயே சென்றது. கள்ள விலங்குகள் விரைவுத் தபாற் பொதிகளில் அனுப்பப்பட்டன. பயணிகளின் பெட்டிகளில் மறைக்கப்பட்டன. சட்டபூர்வமான சரக்கின் அடியிலும் ஒளித்து வைக்கப்பட்டன. கொமோடோ உடும்பு, நியூசிலாந்தின் துவாத்தாரா, சீன முதலை, அங்கோனோக்கா ஆமை ஆகியன அவற்றுட் சில. 1996 தொடக்கம் 1998 வரை 300க்கும் மேற்பட்ட விலங்குகள் இவ்வாறு அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டனவென்றும், அவற்றின் பெறுமதி ஏறத்தாழ 5 இலட்சம் டொலர் என்றும் வழக்கிற் கூறப்பட்டது.

இவ்வணிகத்துள் நுழையச் சிறப்பு முகவர் ஜோர்ஜ் மொரிசன் பக்றிம் என்ரர்பிறைசஸ் என்னும் பெயரில் ஒரு வணிக நிறுவனத்தை நடத்தினார். அது வெறும் பெயர்ப்பலகை அன்று. வணிகர் நம்பவேண்டுமாயின் உண்மையாகவே விலங்குகளை வாங்கவும் விற்கவும் வேண்டும். விலை பேசவும், பணம் செலுத்தவும், குறைகூறவும் வேண்டும். இத்தகைய பணியின் இடர் துப்பாக்கிக் குண்டின் இடரினின்றும் வேறானது. சதுப்பு நிலத்துக் காவலரின் ஆபத்து ஓரிரவில் முடிவது. வேடமிட்ட முகவரின் ஆபத்து ஆண்டுக்கணக்கில் நீள்வது. ஒரு தவறான சொல், ஒரு பழைய அறிமுகம், வேறொரு பெயரில் வந்து சேரும் ஒரு கடிதம் என்பன எவையும் அவரைக் காட்டிக்கொடுக்கலாம். மேலும், போதிய சான்று சேரும்வரை களவு தொடர்வதை அவர் பார்த்திருத்தல் வேண்டும். உடனே தடுத்தால் ஒரு பொதி மீளும், வணிகர் தப்புவார். காத்திருந்தால் வணிகர் அகப்படலாம். இடையில் விலங்குகள் சில மடியும். இவ்வறச்சிக்கலின் சுமையும் அம்முகவரின் மீதே விழுந்தது.

வொங் அமெரிக்க மண்ணிற் கால்வைப்பதைத் தவிர்த்து வந்தார். ஆகவே வணிகச் சந்திப்பென்னும் பெயரில் அவர் மெக்சிக்கோ நகருக்கு வரவழைக்கப்பட்டார். 1998 செப்டெம்பர் 14ஆம் நாள் அங்கே மெக்சிக்கோ அதிகாரிகள் அவரைக் கைது செய்தனர். அம்மண்ணில் அமெரிக்க முகவருக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. தம் பல்லாண்டு உழைப்பை அவர் பிறநாட்டுப் பொலிசாரின் ஒத்துழைப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நாடு கடத்தப்படுவதை எதிர்த்து வொங் ஏறத்தாழ ஈராண்டு வழக்காடினார். 2000 டிசெம்பரில் சான் பிரான்சிஸ்கோ கூட்டரசு நீதிமன்றில் 40 குற்றங்களை ஒப்புக்கொண்டார். 2001 யூனில் அவருக்கு 71 மாதச் சிறைத்தண்டனையும் 60,000 டொலர் தண்டப்பணமும் விதிக்கப்பட்டன.

இவ்வழக்கின் பின்னுரை பாடம் மிக்கது. 2010 ஓகஸ்ட் மாதத்தில் கோலாலம்பூர் சர்வதேச விமான நிலையத்தில் ஒரு பயணப்பெட்டி உடைந்து திறந்தது. அதனுள் 95 போவாப் பாம்புகளும், நச்சுமிக்க ஆபிரிக்கக் கொம்பு விரியன்கள் இரண்டும், தென்னமெரிக்க ஆமையொன்றும் இருந்தன. பெட்டிக்குரியவர் அதே வொங். அவருக்கு முதலில் 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 5 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. பின்னர் மேலும் ஒரு மேன்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட, 2012இல் அவர் ஏறத்தாழ 17 மாதங்களுடன் விடுதலை பெற்றார். முகவர் பல ஆண்டுகள் வேடம் பூண்டு நிறுவியதை ஓர் உடைந்த பெட்டி ஒரு நொடியில் மீண்டும் வெளிப்படுத்தியது. ஆனால் அப்பெட்டியைத் தூக்கிய தொழிலாளருக்கு உள்ளே விரியன் இருப்பது தெரியாது என்பதையும் மறத்தலாகாது.

பொதியினுள் மறைந்த இடர்கள்

வேடமிட்ட முகவரின் இடர் ஒருபுறமாக, அன்றாடம் பொதிகளைத் திறக்கும் பரிசோதகரின் இடர் மற்றொருபுறம். பெயர் பொறிக்கப்படாத துணிப்பையினுள் இருப்பது நச்சற்ற பாம்பா, நச்சுப்பாம்பா என்பதை அவர் கைவைக்கு முன்னர் தீர்மானித்தல் வேண்டும். அறிஞருக்கே அது எளிதன்று. 1957 செப்டெம்பரில் சிக்காகோ அரும்பொருளகத்தின் புகழ்பெற்ற ஊர்வனவியலாளர் கார்ல் சிமித், அடையாளம் காணும்படி விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து அனுப்பப்பட்ட பூம்ஸ்லாங் எனும் ஆபிரிக்க மரப்பாம்பின் கடிக்கு ஆளாகி மறுநாள் இறந்தார். அது இளம் பாம்பு. கடியும் பாரதூரமானதாக அவருக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுவதும் பாம்புகளை ஆராய்ந்தவருக்கு நேர்ந்தது இதுவாயின், நூற்றுக்கணக்கான பொதிகளை விரைந்து பார்க்கும் பரிசோதகரின் நிலையை ஊகிக்கலாம்.

இதனோடு மருந்தின் சிக்கலும் சேர்கிறது. பாம்பின் விடத்துக்கு முறிமருந்து அப்பாம்பு வாழும் நாட்டை நோக்கியே தயாரிக்கப்படுகிறது. பூம்ஸ்லாங்கின் முறிமருந்து தென்னாபிரிக்காவில் தயாரிக்கப்படுவது. ஆகவே ஆசியப் பாம்போ ஆபிரிக்கப் பாம்போ அமெரிக்க விமான நிலையத்தில் ஒருவரைத் தீண்டினால், அருகிலுள்ள வைத்தியசாலையில் உரிய மருந்து இல்லாதிருக்கலாம். புளோரிடாவின் மயாமியில் தீயணைப்பு மீட்புச் சேவை பிறநாட்டுப் பாம்புகளுக்கான முறிமருந்துச் சேமிப்பொன்றைப் பேணி வருவது இக்காரணத்தாலேயே. 2017இல் ஹொங்கொங்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிசுக்கு அனுப்பப்பட்ட தபாற் பொதியொன்றில், உருளைக்கிழங்குச் சீவல் அடைத்த தகரக்குவளைகளுள் உயிருள்ள இராசநாகங்கள் மூன்று இருந்தன. அத்தகைய குவளையைத் திறப்பவர் எத்தகைய முன்னெச்சரிக்கையுடன் திறப்பார்?

மூன்றாவதாக, பெட்டியின் பின்னால் நிற்பவர் யார் என்பதும் பரிசோதகருக்குத் தெரியாது. 1993இல் கொலம்பியாவிலிருந்து மயாமிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட போவாப் பாம்புகளின் உடலுள் 30 கிலோகிராமுக்கு மேற்பட்ட கொக்கெயின் திணிக்கப்பட்டிருந்தது. பாம்பொன்றின் வயிறு இயல்புக்கு மாறாகப் புடைத்திருந்தமையே ஐயத்தை எழுப்பியது. விலங்குக் களவைத் தேடிய உத்தியோகத்தர் எதிர்பாராமல் போதைவணிகரின் எதிரியாகிவிட்டார். நோயும் ஒரு மறைமுக இடரே. ஊர்வன பரப்பும் சல்மொனெல்லாக் கிருமியின் காரணமாகவே 1975இல் அமெரிக்கா 4 அங்குலத்திற் குறைந்த ஓட்டுநீளமுடைய ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்தது.

மொயின் கடற்கரையில் நிகழ்ந்தது

இரகசிய முகவருக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கின்றது. அரசு பின்வாங்கும் இடத்தில் யாது நிகழும் என்பதற்குக் கொஸ்தாரிக்காவின் மொயின் கடற்கரை சான்று பகரும். கரீபியன் கரையிலுள்ள லிமோன் துறைமுகத்துக்கு அண்மையில் அமைந்த இக்கடற்கரையில், கடலாமைகளிற் பெரியதான தோல்முதுகு ஆமை முட்டையிடுகின்றது. அம்முட்டைகள் பாலுணர்வைத் தூண்டுவன என்னும் தவறான நம்பிக்கையினால் மதுச்சாலைகளில் விலைபோயின. அக்கரையே போதைப்பொருள் கடத்தலுக்கும் வழியாக இருந்தமையால், முட்டை எடுப்போருட் சிலர் ஆயுதம் தாங்கியோராகவும் இருந்தனர்.

ஜைரோ மோறா சந்தோவால் என்னும் 26 வயது இளைஞர் அங்கே கூடுகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவர் அரசு உத்தியோகத்தர் அல்லர். கடலாமைப் பாதுகாப்பு அமைப்பொன்றின் பணியாளர். பொலிஸ் துணை தொடர்ச்சியாகக் கிடைக்காத நிலையிலும் அவர் இரவுக் காவலை நிறுத்தவில்லை. 2013 மே 30ஆம் நாள் இரவு வெளிநாட்டுத் தொண்டர் நால்வருடன் சென்ற வேளையில் முகமூடி அணிந்தோர் அவர்களை வழிமறித்தனர். மறுநாட் காலை மோறா கடற்கரையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். 2015இல் நடந்த முதல் விசாரணையில், சான்றுகள் கையாளப்பட்ட முறையிலிருந்த குறைபாடுகளால் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகள் விடுபட்டனர். மறுவிசாரணையின் பின்னரே, 2016 மார்ச்சில், நால்வருக்கு நீண்டகாலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

1905இன் எவர்கிளேட்சையும் 2013இன் மொயினையும் ஒப்புநோக்கின் ஒற்றுமை தெளிவாகும். இரண்டிடத்தும் காவல் செய்தவர் அப்பகுதியின் இளைஞர். இரண்டிடத்தும் அவரது துணை போதாது. இரண்டிடத்தும் சான்றின் குறைபாடு நீதியைத் தடுத்தது அல்லது தாமதித்தது. இடையிற் கழிந்த நூற்றெட்டு ஆண்டுகளில் சட்டங்களும் சமவாயங்களும் பெருகின; ஆனால் முட்டை வாங்கும் மதுச்சாலையில் எவரும் கைது செய்யப்படாதவரை, இருண்ட கரையில் நிற்பவரின் நிலையில் மாற்றம் நிகழவில்லை.

இலங்கைக்குரிய படிப்பினை

இலங்கையில் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாக இயற்றப்பட்டது. 1949இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் நிறுவப்பட்டது. 1972இல் கடலாமைகள் அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. 1979இல் இலங்கை சைற்றிஸ் சமவாயத்திற் சேர்ந்தது. 1993, 2009 ஆகிய ஆண்டுகளிலும் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டது. உள்நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தமட்டில் குறை சொல்வதற்கில்லை எனலாம்.

ஆனால் இத்தீவுக்கே உரிய ஓணான்களின் கதை வேறு. ஹோட்டன் சமவெளியிலும், நக்கிள்ஸ் மலைத்தொடரிலும், சிங்கராசக் காட்டிலும் வாழும் மூக்குக்கொம்பு ஓணான்களும், யாழ்போன்ற தலையமைப்பால் விலங்கியற் பெயர் பெற்ற ஓணானும் உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதன. இவற்றைப் பிடிப்பதும் ஏற்றுமதி செய்வதும் இங்கே குற்றம். எனினும் அவை ஐரோப்பியச் சேகரிப்பாளரின் கைகளுக்குச் சென்று விலைபோயின. அங்கே அவற்றை விற்பதைத் தடுக்கும் சட்டம் இருக்கவில்லை. சைற்றிஸ் பட்டியலில் இடம்பெறாத இனத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் லேசிச் சட்டத்தைப் போன்றதோர் ஏற்பாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாமையே காரணம். கட்டுநாயக்காவிற் குற்றமாக இருந்தது, விமானம் தரையிறங்கியதும் சாதாரண வணிகமாக மாறியது. ஆகவே முழுச்சுமையும் மலைக்காட்டின் அட்டைகளுக்கும் குளிருக்குமிடையே சுற்றித்திரியும் காவலர் மீதும், விமான நிலையத்தின் சுங்க உத்தியோகத்தர் மீதுமே பொறுத்தது. 2019 ஓகஸ்டில் ஜெனீவாவில் நடந்த சமவாய மாநாட்டில், இலங்கையின் முன்மொழிவுகளை ஏற்று இவ்வோணான்கள் பல பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அதே மாநாட்டில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான நட்சத்திர ஆமை, வணிகத்தை முற்றாகத் தடுக்கும் முதலாம் பின்னிணைப்புக்கு உயர்த்தப்பட்டது. வாங்குபவரின் நாட்டிலும் சட்டம் விழிப்புறுவதற்கு அப்போதே வழி பிறந்தது.

இவ்விடத்திற் பல்கலைக்கழகத்தாருக்கும் ஒரு பொறுப்புண்டு. சீனாவின் குகைப் பல்லியினம் ஒன்று 1999இல் அறிவியல் ஏட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அது வாழுமிடத்தின் விவரத்தைக் கொண்டே சேகரிப்போர் அங்கு சென்று, முதலிற் கண்டறியப்பட்ட இடத்தில் அவ்வினத்தைத் துடைத்தழித்தனர் என ஆய்வாளர் 2006இல் எடுத்துக்காட்டினர். ஆய்வாளர் ஒருவர் ஏட்டில் அச்சிடும் திசைக்குறிப்பு, களவாடுவோருக்கு வரைபடமாகின்றது. அவ்வரைபடத்தின் முனையில் நிற்பவர் ஒரு காவலர். எனவே அரிய ஊர்வனவற்றைப் பற்றி எழுதுவோர், இடக்குறிப்பை அரும்பொருளகத்திலும் திணைக்களத்திலும் ஒப்படைத்து, அச்சில் பொதுப்பட மட்டும் குறித்தல் நன்று. அறிவின் முழுமை சிறிது குறையலாம். ஓர் இனமும், ஒரு காவலரின் உயிரும் அதனாற் காக்கப்படலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன புலப்படும். ஊர்வனக் களவைத் தடுக்கும் உத்தியோகத்தர் எதிர்கொள்ளும் இடர் பலவகைப்பட்டது: தனிமை, ஆயுதம், நஞ்சு, நோய், வேடத்தின் நெடுங்காலச் சுமை, தம் உழைப்பு நீதிமன்றிற் சிறு தண்டனையாகச் சுருங்கும் ஏமாற்றம் என்பன அவை. இவற்றுட் பலவும் இயற்கையால் வந்தவை அல்ல. சட்டம் எட்டாத இடைவெளிகளால் உண்டானவை. இறகு வணிகமும் முதலைத்தோல் வணிகமும் அங்காடியில் தடைப்பட்டபோது சதுப்பு நிலக் காவலரின் சுமை தணிந்தது. அங்காடி திறந்திருந்த இடங்களில் மொரிசனைப் போன்றோர் ஆண்டுகளைச் செலவிட்டனர். மோறாவைப் போன்றோர் உயிரையே கொடுத்தனர்.

காவலருக்குத் துப்பாக்கியும் வாகனமும் வழங்குவது அவசியம். விடமுறி மருந்தும், இரவில் ஒரு துணையும், அவர் சேகரித்த சான்றைப் பேணும் முறையும் அதனிலும் அவசியம். ஆனால் அவருக்கு அளிக்கக்கூடிய மிகச் சிறந்த பாதுகாப்பு, தொலைநாட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஓணானை வைத்து மகிழ்பவரிடம் அது எங்கிருந்து வந்தது எனச் சட்டம் கேட்பதேயாகும். அக்கேள்வி அங்கே கேட்கப்படாதவரை, அதற்கான விடையை இங்கே காவலரே தம் உயிரால் அளிக்க வேண்டியிருக்கும்.